பள்ளிக்கூடத்தில் எதை முதலில் சரி செய்வது? மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்கு

உங்கள் பிள்ளை படிக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் உங்களையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராகப் போட்டுவிட்டார்கள். பெரும்பாலும் நீங்களாகக் கேட்டிருக்க மாட்டீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் உங்கள் பெயரைச் சொல்லியிருப்பார். இருக்கட்டும். முதல் கூட்டத்திலேயே ஒன்றைக் கவனிப்பீர்கள். ஒருவர் சுற்றுச்சுவர்தான் முதலில் என்பார். இன்னொருவர் கழிப்பறை என்பார். ஊரில் கொஞ்சம் வசதியான ஒருவர் எழுந்து, முதலில் பெயிண்ட் அடித்துப் படம் வரைந்தால்தான் பிள்ளைகள் சேருவார்கள் என்பார். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். மணி நாலேகால் ஆகும்போது "அடிப்படை வசதிகள் செய்து தர வேண்டும்" என்று ஒரு வரித் தீர்மானம் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கலைந்துவிடுவார்கள். அந்த ஒரு வரியால் ஒரு ஓடுகூட மாறாது.

இந்தச் சண்டையை எப்படி உருப்படியாகப் போடுவது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் மோதிக்கொள்ளும் வேலைகளில் பாதி உண்மையில் ஒன்றோடொன்று போட்டி போடுவதே இல்லை. தாழ்ப்பாளுக்கு வரும் பணம் வேறு, வகுப்பறைக்கு வரும் பணம் வேறு, சுற்றுச்சுவருக்கு வரும் பணம் வேறு. எது எந்தப் பையிலிருந்து வரும் என்று பிரித்துவிட்டால், மிச்சம் இருக்கும் சண்டை சின்னதுதான்.

உங்களுக்கு என்ன அதிகாரம்?

இதைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21, ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும், வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் குழுவின் வேலை. தமிழ்நாட்டில் 20 பேராக இருந்த குழு 2024 மறுகட்டமைப்பில் 24 ஆனது. முன்னாள் மாணவர்களும் உள்ளே வந்தார்கள். எனவே "நீங்க என்ன கேக்குறது?" என்று யாராவது சொன்னால், பிரிவு 21 என்று மட்டும் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை.

அதே சட்டத்தின் அட்டவணையில் ஒரு பள்ளிக்கு என்னென்ன இருந்தே ஆக வேண்டும் என்ற பட்டியலும் இருக்கிறது: எந்தப் பருவத்தையும் தாங்கும் கட்டடம், ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறையாவது, தடையில்லாமல் நுழைய வழி, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான போதுமான குடிநீர், சமையலறை, விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் அல்லது வேலி. இதை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நுழைவாயில் வளைவு இந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

கூட்டத்துக்கு முன் ஒரு சுற்று

பேசுவதற்கு முன் நடக்க வேண்டும். தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, நாலைந்து பேராக, பள்ளி நடக்கும் நேரத்தில் போங்கள். விடுமுறை நாளில் போனால் கழிப்பறை சுத்தமாக இருக்கும், வகுப்பறை பெரிதாகத் தெரியும். காலை இடைவேளை மணி அடிக்கும் நேரம்தான் சரியான நேரம். யார் எங்கே ஓடுகிறார்கள், எந்தக் குழாயில் கூட்டம், எந்தக் கழிப்பறைக்கு யாருமே போகவில்லை என்று அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கட்டாயம் இரண்டு அம்மாக்களும் ஒரு கொத்தனாரும் வரட்டும். எந்த ஊர்ப் பெற்றோரிலும் ஒரு கொத்தனார் இருப்பார். எலக்ட்ரீசியனும் இருந்தால் இன்னும் நல்லது. குழுவில் இல்லாவிட்டாலும் கூப்பிடுங்கள்.

மேலே பாருங்கள். கான்கிரீட் கூரை என்றால், காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதா? துருப்பிடித்த கம்பி உப்பும், உப்பினால் சுற்றியுள்ள காரையை வெளியே தள்ளும். ஒரு கோலால் லேசாகத் தட்டினால் கெட்டியான இடத்தில் ஒரு சத்தம், உள்ளே விட்டுப்போன இடத்தில் பொத்தென்று வேறொரு சத்தம் வரும். கொத்தனாருக்கு இது சொல்லாமலே தெரியும். தட்டும்போது கீழே பிள்ளைகள் இருக்கக் கூடாது. மொட்டை மாடிக்கு ஏற முடிந்தால் ஏறிப் பாருங்கள். பாதி ஒழுகலுக்குக் காரணம், தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் அடைத்துக்கிடக்கும் வேப்பிலைச் சருகுதான். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுத்துப் பூச வேண்டும்.

சுவரில் விரிசல் இருந்தால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் அது வளர்கிறது. வளரும் விரிசலும் பழைய பூச்சு விரிசலும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றுக்குப் பொறியாளர் வர வேண்டும், இன்னொன்றுக்குக் கொத்தனாரே போதும். வகுப்பறைச் சுவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கழிப்பறை முன்னால் நிற்கும் மறைப்புச் சுவர், சைக்கிள் நிறுத்துமிடத்தின் குட்டைச் சுவர், சாய்ந்து நிற்கும் சுற்றுச்சுவர் எல்லாம் பாருங்கள். நெல்லையில் 2021 டிசம்பர் 17 அன்று ஓர் உதவிபெறும் பள்ளியில் 3 மாணவர்கள் இறந்தது கழிப்பறைச் சுவர் இடிந்துதான். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்கும் வேலை வேகம் பிடித்தது.

அப்புறம் கழிப்பறை. எண்ணிப் பார்ப்பது எளிது: 40 பிள்ளைகளுக்கு ஒரு மலக் கழிப்பறை, 3 சிறுநீர்க் கழிப்பிடம் என்பது மத்திய அரசின் தூய்மைப் பள்ளித் திட்டம் (ஸ்வச் வித்யாலயா) சொன்ன அளவு. ஆனால் எண்ணிக்கையோடு நிற்காதீர்கள். எங்கள் பள்ளியில் அளவுப்படி எல்லாம் இருந்தது, கதவும் இருந்தது. சுற்றி வந்தபோது ஓர் அம்மாதான் சொன்னார்: "கதவு இருக்கு சார், தாழ்ப்பாள் இல்ல. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய நின்னு பிடிச்சுக்கணும். அதனால எம்பொண்ணு காலையில இருந்து தண்ணியே குடிக்கிறதில்ல." அதுவரை கூட்டங்களில் புதுக் கழிப்பறைத் தொகுதி கேட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தோம். தேவைப்பட்டது மூன்று தாழ்ப்பாளும், தொட்டியிலிருந்து உள்ளே வரும் ஒரு குழாயும்.

இன்னொன்று, இது தொடக்கப் பள்ளி. பெரியவர் உயரத்துக்கு எல்லாம் கட்டிவைத்திருப்பார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூட்டிப்போய், "கண்ணு, குழாயைத் திற பாப்போம்" என்று சொல்லுங்கள். எட்டுகிறதா, திருக முடிகிறதா, தட்டு கழுவும்போது காலெல்லாம் நனைகிறதா என்று பாருங்கள். சாய்தளம் இருந்தால் சரிவு எப்படி என்று பாருங்கள்: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். பல இடங்களில் சக்கர நாற்காலி ஏறவே முடியாத செங்குத்தில் கட்டிவிட்டு, "சாய்தளம் உள்ளது" என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறார்கள்.

சமையலறையைக் கடைசியாக விடாதீர்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. மதியத்துக்கு மட்டும் என்று கட்டிய சமையலறை இப்போது விடியற்காலையிலிருந்து ஓடுகிறது. புகை எங்கே போகிறது, சிலிண்டர் எங்கே நிற்கிறது, வகுப்பறைக்கு எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் இறந்த தீ சமையல்கூடத்தில் தொடங்கிக் கீற்றுக் கூரைக்குப் பரவியது. கீற்றுக் கொட்டகைகள் பள்ளிகளிலிருந்து போய்விட்டன. அடுப்பு மட்டும் இன்னமும் சில இடங்களில் வகுப்பறைச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். படத்தில் பிள்ளைகளின் முகம் வேண்டாம்.

வாக்கெடுப்புக்குப் போகாதவை

சுற்றி வந்து எழுதிய பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பிரிவு, உயிருக்கு ஆபத்தானவை: பெயரும் கூரை, சாயும் சுவர், மூடியில்லாத செப்டிக் டேங்க், மூடாத கிணறு, தொட்டால் ஷாக் அடிக்கும் சுவிட்சு, வகுப்பறை ஜன்னலை உரசும் மின்கம்பி. இவற்றுக்கு விவாதமோ வாக்கெடுப்போ கிடையாது. தீர்மானம் எழுதும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அன்றே அந்த அறையைப் பூட்டச் சொல்லுங்கள், டேங்க் மீது கல்பலகை போடுங்கள், சுவரைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள்.

இங்கே ஒரு சங்கடம் வரும். பழைய கட்டடத்தைப் பொறியாளர் வந்து பார்த்து, பயன்படுத்தத் தகுதியற்றது என்று எழுதிவிட்டால் இடிக்க உத்தரவு வரும். அப்போது பெற்றோரே தயங்குவார்கள். "இடிச்சுட்டாங்கன்னா புதுசு எப்ப வரும்? அதுவரைக்கும் புள்ளைங்க மரத்தடியிலயா?" நியாயமான பயம். 2021க்குப் பிறகு பல ஊர்களில் பிள்ளைகள் சமுதாயக் கூடத்திலும் வாடகைக் கட்டடத்திலும் படிக்க வேண்டி வந்தது. அதற்காக ஆபத்தான கட்டடத்தை மறைத்துவைப்பது பதில் இல்லை. இடிப்பது, மாற்றுக் கட்டடம், இடைக்காலத்துக்கு இடம், இந்த மூன்றையும் ஒரே தீர்மானத்தில் கேளுங்கள். இடைக்கால இடத்தை நீங்களே பார்த்துவைத்து, பெயர் சொல்லி எழுதுங்கள். "மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும்" என்று எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள்.

இரண்டாவது பிரிவு, பிள்ளைகள் தினமும் படும் பாடு: தண்ணீர், கழிப்பறை, ஒழுகல், வெளிச்சம், மின்விசிறி. மூன்றாவது, இருந்தால் நன்றாக இருக்கும் என்பவை: பெயிண்ட், சுவர்ப்படம், மேடை, தோட்டம்.

பெயிண்ட் கட்சிக்காரரை எடுத்த எடுப்பில் தள்ளிவிடாதீர்கள். 18 பிள்ளைகள் மட்டும் இருக்கும் பள்ளியில், வாசலில் தனியார் பள்ளி வேன் வந்து நிற்கும் ஊரில், பள்ளியின் தோற்றம் சேர்க்கையை உண்மையிலேயே பாதிக்கிறது. ஆனால் ஒழுகும் சுவரில் அடித்த பெயிண்ட் அடுத்த ஐப்பசிக்குள் உரிந்து தொங்கும். எனவே பெயிண்ட் வேண்டாம் என்று சொல்லாமல், ஒழுகல் நின்ற பிறகு பெயிண்ட் என்று வரிசை போடுங்கள். அவரே ஒழுகலுக்கு ஆள் தேடித் தருவார்.

எந்த வேலை எந்தப் பையிலிருந்து

இதுதான் கட்டுரையின் முக்கியமான இடம். தலைமை ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பெற்றோர் கேட்காமல் அவராகச் சொல்வது அபூர்வம்.

கையில் இருக்கும் சின்னப் பை, பள்ளிக்கு ஆண்டுதோறும் வரும் ஒருங்கிணைந்த மானியம். மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 பேர் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000. இதில் 10 சதவீதமாவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். தாழ்ப்பாள், குழாய், பல்பு, உடைந்த ஓடு எல்லாம் இதற்குள்தான். இது மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டம் வழியாக வருவது. 2024-25இல் மத்திய அரசு தமிழ்நாட்டின் பங்கை விடுவிக்காமல் நிறுத்திவைத்தது போல் தடைபடவும் கூடும். எனவே தாழ்ப்பாளுக்கு மானியம் வரட்டும் என்று ஆறு மாதம் உட்கார்ந்திருக்க வேண்டாம். அந்த அளவுப் பணத்தை ஊரிலேயே புரட்டிவிடலாம்.

பெரிய கட்டட வேலை என்றால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஒன்றியப் பள்ளியின் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தின் சொத்து. ஆசிரியருக்கு மேலதிகாரி வட்டாரக் கல்வி அலுவலர். கட்டடத்துக்கு வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பி.டி.ஓ. ஒன்றியப் பொறியாளர் வந்து பார்த்துச் செலவு மதிப்பீடு போட்டால்தான் எதுவும் நகரும். புதிய பெற்றோர் கல்வி அலுவலகத்துக்கே நடையாய் நடந்து கால் தேய்வது இதனால்தான். இரண்டு அலுவலகத்துக்கும் மனு கொடுங்கள். நகராட்சி, மாநகராட்சிப் பள்ளி என்றால் அங்குள்ள பொறியியல் பிரிவு. வகுப்பறைகளுக்கு 2022இல் அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் உண்டு. 5 ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். ஒன்றியப் பள்ளிகளின் பழுதுபார்ப்புக்கும் புதுக் கட்டடத்துக்கும் ஊரக வளர்ச்சித் துறையின் குழந்தை நேய பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம். உங்கள் பள்ளி பெயர் எந்தப் பட்டியலில் ஏறியிருக்கிறது என்று பி.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் வேலைக்கு மறுபடி தீர்மானம் போட்டு மாதங்களை வீணாக்கும் பள்ளிகள் உண்டு.

சுற்றுச்சுவர், கூடுதல் அறை போன்றவற்றுக்குச் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது, ஆண்டுக்கு 3 கோடி. மொத்தத் தொகுதியும் அதற்குத்தான் வரிசையில் நிற்கும் என்பதால் மதிப்பீட்டோடு போனவருக்கே கிடைக்கும். ஊரில் பணம் திரட்ட முடியும் என்றால் நமக்கு நாமே திட்டம்: ஊரகப் பகுதியில் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் முன்னாள் மாணவர்களுக்கு, 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி இணையதளம் இருக்கிறது, ரசீதோடு கொடுக்கலாம்.

நன்கொடையாளர் என்றதும் வளைவு நினைவுக்கு வருகிறது. "அப்பா பேர்ல ஒரு ஆர்ச் கட்டித் தரேன்" என்று ஒருவர் வருவார். வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாதீர்கள். "ரொம்ப சந்தோஷம்ணே, பிள்ளைங்களுக்கு இப்ப அவசரமா மூணு இருக்கு" என்று விலையோடு மூன்று வேலைகளைக் காட்டுங்கள். குடிநீர்த் தொட்டியிலும் பெயர் எழுதலாம், தினமும் பிள்ளைகள் படிப்பார்கள் என்று சொன்னால் பலர் இறங்கி வருவார்கள். வளைவில்தான் பிடிவாதம் என்றால், நன்றி சொல்லி அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள்.

கூட்டத்தை நடத்துவது

ஆபத்தானவை போய்விட்டன, பைகளும் பிரிந்துவிட்டன. மிச்சம், ஒரே பைக்குப் போட்டியிடும் நாலைந்து வேலைகள். இதற்குக் கைதூக்கச் சொன்னால் சத்தமாகப் பேசுகிறவர் கையைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தூக்குவார்கள். பதிலாக, வேலைகளை ஒவ்வொரு தாளில் எழுதித் தரையில் பரப்புங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் படமும் போடுங்கள். ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை. எந்தத் தாளில் எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். மூலையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாத பாட்டியின் மூன்று கொட்டையும் முன்னாள் கவுன்சிலரின் மூன்று கொட்டையும் ஒன்றுதான். எண்ணி முடித்ததும், ஜெயித்த வேலை எந்தப் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று ஒருமுறை கேளுங்கள். ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் அதிகம் வந்திருந்தால் ஒன்றாம் வகுப்புக் கூரை தோற்றுப்போகும். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் பெரும்பாலும் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள். முந்தின நாள் சாயங்காலம் அவர்கள் வீட்டுப் பக்கம் போய்க் கேட்டுவிட்டு வருவதும் உங்கள் வேலைதான்.

தீர்மானம் எழுதும்போது இடம், பொருள், அளவு, ஆள், தேதி எல்லாம் வேண்டும். இப்படி: "2ஆம் வகுப்பு நடக்கும் தெற்குப் பார்த்த ஓட்டுக் கட்டடத்தின் மேற்கு மூலையில் ஓடுகள் உடைந்து, கைமரம் இற்றுப்போயுள்ளது. மழை நாளில் 26 பிள்ளைகள் வேறு அறைக்கு மாற்றப்படுகிறார்கள். ஒன்றியப் பொறியாளர் இம்மாத இறுதிக்குள் பார்வையிட்டு மதிப்பீடு தயாரித்துத் தருமாறு வட்டார வளர்ச்சி அலுவலரைக் குழு கேட்டுக்கொள்கிறது. பின்தொடர்பவர்: குழுத் தலைவர்." ஒரு தீர்மானம், ஒரு வேலை. ஐந்து வேலையை ஒரே தாளில் எழுதினால் அலுவலகத்தில் எந்தக் கோப்பில் போடுவது என்று தெரியாமல் அப்படியே கிடக்கும். தீர்மானத்தைப் பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியில் ஏற்றச் சொல்லுங்கள், ஏற்றியதை உங்கள் போனில் திறந்து பாருங்கள்.

அதே தீர்மானத்தைக் கிராம சபையிலும் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அங்கே பதிவானால் ஊராட்சியின் தீர்மானமாகவும் ஆகிவிடும்.

நேரமும் ஒப்படைப்பும்

கூரை வேலையைப் புரட்டாசியில் கேட்டால் மழைக்கு முன் நடக்காது. தைக்குள் மதிப்பீடு வாங்கி, கோடை விடுமுறையில் வேலை முடிகிற மாதிரி பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். சின்ன மானியமோ மார்ச் 31க்குள் செலவாக வேண்டும்; கடைசி வாரத்தில் அவசர அவசரமாக எதையாவது வாங்கிப்போடாமல் ஜனவரியிலேயே பட்டியல் தயாராக இருக்கட்டும்.

வேலை நடக்கும்போது மதிப்பீட்டின் நகல் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம், ஆனால் பெரும்பாலும் நேரில் பணிவாகக் கேட்டாலே கிடைத்துவிடும். ஒப்பந்ததாரரோடு பிள்ளைகள் முன்னால் சண்டை வேண்டாம்; பணி மேற்பார்வையாளரிடம் படத்தோடு சொல்லுங்கள். கழிப்பறை என்றால், முடிந்தது என்று குழு கையெழுத்துப் போடும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். எல்லாக் கதவையும் உள்ளே போய்த் தாழிட்டுப் பாருங்கள். மோட்டாரை ஓடவிட்டு, தொட்டி நிறைந்து கடைசிக் குழாய் வரை தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். தினமும் யார் கழுவுவார்கள், அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும், பினாயிலும் துடைப்பமும் யார் வாங்குவார்கள் என்று பெயரோடு பதிவேட்டில் எழுதுங்கள். மூன்றாவதற்குப் பதில் கிடைக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.